லண்டனுக்குப் போன கடம்

கச்சேரி மேடையில் யார் எங்கே உட்காருவது என்பது எழுதாத சட்டம். நடுவில் பாடுகிறவர். ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். கடமோ கஞ்சிராவோ இருந்தால் பெரும்பாலும் பின்வரிசைதான். மிருதங்கத்துக்குப் பக்கவாத்தியம் என்று பெயர். கடத்துக்கு உபபக்கவாத்தியம் என்று பெயர், அதாவது துணைக்குத் துணை. தனி ஆவர்த்தனத்திலும் மிருதங்கம் வாசித்துவிட்டு வழி விட்ட பிறகுதான் கடத்தின் முறை வரும்.

இந்த வரிசையை மாற்றிப் போட்ட ஓர் இசைத்தட்டைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். அது பதிவானது மயிலாப்பூரில் அல்ல, லண்டனில். 1976 ஆகஸ்டில், டிரைடன்ட் ஸ்டூடியோவில். வாசித்தவர்கள் 'சக்தி' என்ற நால்வர் குழு. இசைத்தட்டின் பெயர் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. நம் வழக்கில் 'ஒரு கைப்பிடி அழகு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

சக்தி என்ற பெயர் இப்போது பலருக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் அவர்களுக்கு கிராமி விருது கிடைத்தபோது செய்தித்தாள்களில் படம் வந்தது. சங்கர் மகாதேவன் மேடையில் பேசியதையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் விருது வாங்கியது புதிய சக்தி, 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்' என்ற இசைத்தட்டுக்காக. நான் சொல்வது அதற்கு நாற்பத்தேழு வருடம் முந்தியது. எனக்குத் தெரிந்த ரசிகர் வட்டத்தில் அதை முழுவதும் கேட்டவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள்.

முதலில் அந்த நால்வர் யார் என்று பார்த்துவிடுவோம்.

கிதார் வாசித்தவர் ஜான் மெக்லாக்லின். 1942இல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மாகாணத்து டான்காஸ்டரில் பிறந்தவர். 1969இல் அமெரிக்கா போய், மைல்ஸ் டேவிஸ் என்ற பெரிய ஜாஸ் மேதையின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்று குழு அமைத்தார். இரட்டைக் கழுத்துள்ள எலெக்ட்ரிக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, காது கிழிகிற சத்தத்தில், ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக எண்ணிக்கை மாறுகிற இசை. மேல்நாட்டு இளைஞர்கள் அதில் கிறங்கிக் கிடந்தார்கள். அந்தப் புகழ் உச்சியில் இருந்தபோதே அவர் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, சாதாரண மரக் கிதாருடன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதுதான் சக்தி.

வயலின் எல். சங்கர். இவருடைய அண்ணன்மார் இருவரையும் உங்களுக்குத் தெரியும். ஒருவர் 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதன். மற்றவர் வயலின் மேதை எல். சுப்பிரமணியம். இவர்களின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். இலங்கையில் 1958இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

தபலா ஜாகிர் உசேன், அல்லா ரக்காவின் மகன். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

நான்காமவர் 'விக்கு' விநாயக்ராம், கடம். தந்தை ஹரிஹர சர்மாவிடம் பயின்றவர். எம்.எஸ். அம்மா 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினாரே, அன்றைக்கு டி.கே. மூர்த்தியின் மிருதங்கத்தோடு கடம் வாசித்தவர் இவர்தான். உலகமே பார்த்த அந்த மேடையிலும் கடத்துக்கு உபபக்கவாத்தியம் என்ற இடம்தான்.

சக்தியின் முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. அதில் ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம் வாசித்தார். ஆகவே ஐந்து பேர். அடுத்த வருடம் லண்டன் பதிவுக்குப் போனபோது அவர் குழுவில் இல்லை. மிருதங்க வித்வான் என்று தனியாக ஒருவர் இல்லாததால், கர்நாடக தாளத்தின் முழுப் பொறுப்பும் கடம் வாசிப்பவர் தலையில் விழுந்தது. தபலாவுக்குச் சமமாக, கிதாருக்கு எதிரே, முன்வரிசையில் மண்பானை வந்து உட்கார்ந்தது. பத்து வருடத்தில் எவ்வளவு தூரம் பாருங்கள்!

இப்போது கணக்குக்கு வருகிறேன். இந்தக் கட்டுரைக்கே காரணம் அதுதான்.

என் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்திருந்தபோது போனில் ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தான். "இது என்னடா?" என்றேன். "மேத் ராக், அப்புச்சி. கணக்குப் போட்டு வாசிக்கிற ராக். இங்கிலாந்துக்காரங்க" என்றான். ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த 'திஸ் டவுன் நீட்ஸ் கன்ஸ்' என்ற குழு; 2008இல் வந்த 'அனிமல்ஸ்' என்ற இசைத்தட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விலங்கின் பெயர். கிதார் நன்றாகத்தான் இருந்தது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் தாளம் தடுக்கித் தடுக்கி, ஆனால் விழாமல் போகிறது. 1990களில் அமெரிக்காவில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது, பிறகு இங்கிலாந்திலும் பரவியது என்று அவனே விளக்கினான். "ஏழு, ஐந்து, பதினொன்னுன்னு எண்ணிப் பாருங்க அப்புச்சி, மண்டை காயும்" என்றான்.

மண்டை காயவில்லை. நம் வீட்டுக் கணக்குதானே அது! திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. தகிட, தகதிமி, தகதகிட, தகிடதகதிமி, தகதிமிதகதகிட. மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் கை வைப்பதற்கு முன்னால் வாயால் சொல்லிப் பழகுவது இது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வகை ராக்கில் பெரும்பாலும் தாளத்தின் அளவையே மாற்றிக்கொண்டு போவார்கள். இங்கே ஏழு, அடுத்ததில் எட்டு, பிறகு ஐந்து. நம் முறையில் தாளம் அசையாது. ஆதி தாளம் என்றால் கடைசிவரை ஆதி தாளம்தான். அதன் உள்ளே வேறு எண்ணிக்கையை ஓடவிட்டு, இரண்டும் சமத்தில் வந்து சந்திக்கும்படி செய்வார்கள்.

மில்லில் முப்பத்து நான்கு வருடம் மெயின்டனன்ஸ் பக்கம் காலம் தள்ளியவன் நான். இதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். 20 பல் உள்ள ஒரு சக்கரமும் 24 பல் உள்ள ஒரு சக்கரமும் ஒன்றையொன்று கடித்துச் சுற்றுகின்றன. தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டிலும் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். அந்த இரண்டு குறிகளும் மறுபடி நேருக்கு நேர் சந்திக்க, சின்னது 6 சுற்று சுற்ற வேண்டும். பெரியது 5 சுற்று. இரண்டுக்கும் 120 பல். நடுவில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் குறிகள் தப்பித் தப்பித்தான் போகும். கடைசியில் 'டக்' என்று நேர்கோட்டில் நிற்கும். பெரிய சக்கரம் தாளம், சின்ன சக்கரம் வாசிப்பவரின் சொல், குறிகள் சந்திக்கும் இடம் சமம்.

ஆதி தாளத்தில் எட்டு அடி, அடிக்கு நான்கு மாத்திரை, ஆக 32. ஐந்து எழுத்துள்ள 'ததிங்கிணதொம்' என்ற சொல்லை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால் ஐந்து ஆவர்த்தனம் கழித்து, 32ஆவது தடவை சொல்லி முடித்த பிறகுதான் சமத்துக்கு வரும். அதை ஒரே ஆவர்த்தனத்தில் முடிக்க வித்வான்கள் வழி வைத்திருக்கிறார்கள். சொல்லை இரண்டு தடவை சொன்னால் பத்து. ஒரு மாத்திரை இடைவெளி. மறுபடி பத்து, ஓர் இடைவெளி, மறுபடி பத்து. கூட்டிப் பாருங்கள்: 10, 1, 10, 1, 10. சரியாக 32. அடுத்த அடி சமத்தில் விழும். சபையில் தலை ஆடுவது அந்த இடத்தில்தான்.

யார்க்‌ஷயரில் பிறந்த மெக்லாக்லினுக்கு இந்தச் சங்கீதம் எங்கே கிடைத்தது? அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில். அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை பயின்றார். மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தில் முதல்வராக இருந்தாரே, அதே ராமநாதன். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். இந்த இடத்தில் நம் ஊர்ச் சங்கதி ஒன்று வருகிறது. சிலப்பதிகார இசையைப் பற்றி யார் பேசினாலும் அடியார்க்கு நல்லார் உரையைத் தொடாமல் நகர முடியாது. அந்த உரையாசிரியர் கொங்கு நாட்டு நிரம்பையில் பிறந்தவர் என்பார்கள், நம் பெருந்துறைப் பக்கம். தோற்கருவிகளின் பெயர்களை அவர் அடுக்கும் பட்டியலில் குடமுழாவும் உண்டு. அது வாயில் தோல் கட்டிய குடம். கடத்தில் தோலும் இல்லை, வெறும் மண். நிரம்பையின் உரையில் ஊறிய ஓர் ஆசிரியரிடம் டான்காஸ்டர்க்காரர் பாடம் கேட்டிருக்கிறார்.

நம் மில்களில் பழைய ரிங் ஃபிரேம்களின் மேல் ஓல்டாம் பிளாட் பிரதர்ஸ் என்று வார்ப்பெழுத்து இருக்கும், நினைவிருக்கிறதா? ஓல்டாம் லங்காஷயர், டான்காஸ்டர் யார்க்‌ஷயர். பக்கத்துப் பக்கத்து மாகாணங்கள். அங்கிருந்து நமக்கு மெஷின் வந்தது. இங்கிருந்து அங்கே கணக்கு போயிருக்கிறது.

இசைத்தட்டில் மொத்தம் ஆறு உருப்படிகள். ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதலாவது 'லா டான்ஸ் து பொனூர்'. பிரெஞ்சு, ஆனந்த நடனம் என்று பொருள். தொடங்குவது கிதாரும் அல்ல, வயலினும் அல்ல. கொன்னக்கோல்! வாயால் சொல்லும் சொற்கட்டு, மின்னல் வேகத்தில். லண்டனில் பதிவான ஓர் இசைத்தட்டைப் போட்டதும் முதலில் காதில் விழுவது நம் ஜதிச் சொல் என்பது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிற விஷயம். அந்தச் சொற்களையே பிறகு கிதாரும் வயலினும் ஸ்வரமாக வாசிக்கின்றன.

இரண்டாவது 'லேடி எல்', சங்கர் இயற்றியது. வயலின் ஓட்டம். மூன்றாவது 'இந்தியா', பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். தாளமில்லாமல் ஆலாபனை போல நிதானமாகக் கிதார் தொடங்குகிறது. மெக்லாக்லினுக்காகத் தனியாகச் செய்த கிதார் அது. ஒலித்துளைக்கு மேல் குறுக்காக ஏழு துணைத் தந்திகள், தம்புரா போலக் கூட ஒலிப்பதற்கு. கழுத்துப் பலகையில் மேளங்களுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளம் எடுத்திருப்பார்கள். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கிறோமே, அதற்கு இடம் வேண்டும் அல்லவா? அதற்காக.

நான்காவது 'கிருதி'. பெயருக்கேற்ற கீர்த்தனை வடிவம், மூன்று நிமிடம். ஐந்தாவது 'ஐசிஸ்', பதினைந்து நிமிடம், இசைத்தட்டில் மிக நீளமானது. கடைசியில் 'டூ சிஸ்டர்ஸ்', அமைதியான மெட்டு.

இவை எல்லாவற்றிலும் கடத்தை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். கழுத்தில் அடித்தால் ஒரு நாதம், வயிற்றில் அடித்தால் வேறு, அடியில் வேறு. பானையின் வாயை வயிற்றோடு ஒட்டி அழுத்தியும் விலக்கியும் 'கும்' என்ற ஆழமான ஓசையைக் கூட்டிக் குறைக்கிறார். மிருதங்கத்தை வாரிழுத்துச் சுருதி சேர்க்கலாம். கடத்துக்கு அது பெரிதாக முடியாது. சூளையிலிருந்து எந்தச் சுருதியில் வந்ததோ அதுதான். அதனால்தான் வித்வான்கள் சுருதிக்கு ஒன்றாகப் பல கடங்கள் வைத்திருக்கிறார்கள். மானாமதுரையில் களிமண்ணைத் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்கிச் செய்கிறார்கள். அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுப்படிப் பானையோ மொடாவோ அந்த அடியைத் தாங்காது.

இவ்வளவு இருந்தும் இசைத்தட்டு ஏன் கவனிக்கப்படாமல் போனது? இரண்டு பக்கமும் அது சொந்தமாகவில்லை. மகாவிஷ்ணுவின் இரைச்சலுக்குப் பழகிய மேல்நாட்டு ரசிகர்களுக்கு நான்கு பேர் தரையில் உட்கார்ந்து வாசிப்பது பிடிபடவில்லை. 1977இல் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்று மூன்றாவது ஒன்று வந்தது. 1978இல் குழு கலைந்தது. இங்கேயோ, நம் ரசிகர்களுக்கு அது கச்சேரியும் அல்ல, சினிமாவும் அல்ல.

1980களில் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் இந்த கேசட்டை வாங்கி, மிருதங்கம் தெரிந்த ஒரு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதல் உருப்படியைக் கேட்டுவிட்டு, "கணக்கு சுத்தமாத்தான் இருக்குது. ஆனா இது மிக்சருங்க. அரிசிமுறுக்கு வேணும்னா முறுக்கு வாங்கோணும்" என்றார். அவர் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ராகம் விஸ்தாரமாக வளர நேரம் இல்லை. சாகித்யம் இல்லை. கிதாரில் கமகம் எவ்வளவுதான் வந்தாலும் வீணை ஆகாது. இதெல்லாம் உண்மை.

ஆனாலும் ஒன்றைக் கேட்டேன். "கடம் எப்படி இருக்குது?" சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அதைச் சொல்லுங்க. இத்தனை வருசமா இது இவ்வளவு பேசும்னு எனக்கே தெரியாது" என்றார். இந்த இசைத்தட்டுக்கு அதைவிடப் பெரிய மதிப்புரையை நான் படித்ததில்லை.

பின்வரிசையில் வைக்கிறோம் என்பதால் ஒரு வாத்தியம் சின்னதாகிவிடாது. இடம் கொடுக்காததால் அதன் பேச்சு நமக்குக் கேட்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊர் மாரியம்மன் நோம்பியில் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது அடிக்கிற பறைக்கும் உருமிக்கும் இதே கதைதான். இளவட்டங்களின் கால் ஒன்றுகூடத் தவறாமல் அடவு பிடிக்கிறது என்றால் அந்த அடியில் கணக்கு இல்லாமலா? யாரும் அதற்கு ஜதி எழுதி வைக்கவில்லை. சபா மேடையில் ஏற்றவும் இல்லை. அதனால் அது கணக்கு இல்லை என்று ஆகிவிடுமா?

விநாயக்ராமின் பெயர் பிறகு வெகுதூரம் போனது. 1991இல் மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் கொண்டுவந்த, கிராமி விருது பெற்ற 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் அவருடைய கடம் இருக்கிறது. 2014இல் பத்மபூஷண் வந்தது. 1990களின் இறுதியில் சக்தி மறுபடி கூடியபோது, அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து சேர்ந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸும் அந்தக் குழுவில் இருந்தார், 2014இல் போய்விட்டார். மெக்லாக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் கற்றுத்தரும் வீடியோ ஒன்றை 2007இல் வெளியிட்டார்கள். மேல்நாட்டு கிதார், டிரம்ஸ் பிள்ளைகள் தகதிமி சொல்லிப் பழகுவதை இன்று யூடியூபில் நிறையப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேனும் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். செய்தி வந்த இரவு நான் போட்டுக் கேட்டது இந்த லண்டன் பதிவைத்தான்.

பேரனுக்கும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி விரலில் எண்ணிக்கொண்டே கேட்டான். "இதுல டிரம்ஸ் யாரு அப்புச்சி?" என்றான். "டிரம்ஸ் இல்லடா, பானை" என்றேன். நம்பவில்லை, படத்தைத் தேடிப் பார்த்த பிறகுதான் நம்பினான்.

நீங்களும் கேளுங்கள். யூடியூபில் பெயரைத் தமிழில் சொன்னாலே பேரப்பிள்ளைகள் தேடிக் கொடுப்பார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். நம் வயதுக்கு அந்த வேகம் கொஞ்சம் திணறும். முதலில் 'கிருதி', மூன்று நிமிடம்தான். அடுத்து 'டூ சிஸ்டர்ஸ்'. காது பழகிய பிறகு 'இந்தியா'வுக்குப் போங்கள். கடைசியாக அந்த ஆனந்த நடனம். செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கடத்தின் அடிநாதம் அதில் செத்துப்போகும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி கேளுங்கள். தாளம் தப்பினாலும் பரவாயில்லை, அடுத்த சமத்தில் பிடித்துக்கொள்ளலாம்.